என் தாடையை அளந்தவர்கள்

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். அஞ்சாம் கிளாஸோடு சரி. வாக்கியம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு.

கணவர் போனபின் கோவிலம்பாக்கத்தில் சின்னதாக வீடு கட்டிக் குடிவந்தேன். பிள்ளைகள் இல்லை. பக்கத்து அறைக்கு புரோக்கர் ஒரு தையல்காரப் பெண்ணைக் கூட்டிவந்தார். அவர் நகர்ந்ததும் அவள் சொன்னாள்:

"அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். என்னை ஆம்பளைப் புள்ளையா வளத்தாங்க. நான் பொண்ணு. ஆபரேஷனும் ஆயிடுச்சு. நாலு வீட்ல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு எப்படி?"

"மழை பேஞ்சா அந்த மூலை ஒழுகும். உனக்கு எப்படி?"

சிரித்துவிட்டாள். மறுநாளே மிஷின் வந்து இறங்கியது.

ஆறு மாதத்தில் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்தாள். அப்போது, அவளுடைய பழைய வீடுகளில் கேள்விப்பட்ட புரோக்கர் எங்கேயோ வாயை விட்டுவிட்டார், அந்த வீட்டில் 'அப்படி' ஒருத்தர் இருக்கிறார் என்று. யார் என்று சொல்லவில்லை. கண்டுபிடிக்க பாங்க்காரர் மனைவியும் ஒரு டீச்சரும் அளவு ஜாக்கெட்டோடு வந்தார்கள்.

"உயரம், குரல், தாடை. பாத்தவுடனே சொல்லிடுவேன்" என்று பாங்க்காரம்மா வாசலில் பேசியது ஜன்னல் வழியே கேட்டது.

நான் ஐந்தே முக்கால் அடி. தைராய்டு வந்து குரல் தடித்துவிட்டது. தாடையில் நாலு முடி. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சர் தையல்காரியின் காதில் பேசினார். வகுப்பில் கத்திப் பழகியவர். தெருமுனை வரை கேட்டிருக்கும். "ஏம்மா, வயசுப் பொண்ணு, தனியா இருக்கே. உன் ஹவுஸ் ஓனரைக் கவனிச்சியா? குழந்தையும் இல்லியாம்!"

"அக்கா, அது வந்து..." என்று அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். உண்மையைச் சொல்லத்தான் போகிறாள். சொன்னால் தெருவே கூடி விரட்டும், ஐந்தாவது வீடும் போய்விடும். நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அன்றைக்கு அது வசதியாகப் போயிற்று. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றேன்.

வந்தவர்கள் அவளிடம் அனுதாபத்தோடு இன்னும் இரண்டு ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். புருஷனை இழந்தவள் என்று என்னை அந்தத் தெருவில் ஒரு விசேஷத்துக்கும் கூப்பிட்டதில்லை. அடுத்த மாதம் அதே பாங்க்காரம்மா வந்து நின்றார். "பையன் மேடவாக்கத்துல கடை தொறக்கறான். உங்களை மாதிரி இருக்கறவங்க வாழ்த்தினா ராசியாம். முதல் ஆளா வரணும்."

தையல்காரி உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "போய்ட்டு வாங்கம்மா. எனக்கு வர்ற மரியாதை, நீங்க வாங்கிக்கங்க. வாடகைல கழிச்சிக்கறேன்" என்றாள்.

போனேன். கை தூக்கி வாழ்த்தினேன். கடை நன்றாகவே ஓடுகிறது.

அவள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள். மூலை இன்னும் ஒழுகுகிறது. நானே படித்துக் காட்டக் கூச்சம்; வாசிக்கிறவர் யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டி, நாலு வீடா ஐந்து வீடா என்று கேட்டுத் திருத்திவிடுங்கள். அவள் வேண்டாம் என்கிற வரியை அடித்துவிடுங்கள்.