வெள்ளைப் புள்ளிக்குள் ஒரு கோடு

எங்கள் வெல்டர் கூட்டத்தில் கண் எரிந்தால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் வைத்துப் படுத்துவிடுவோம். எனக்கு ஒருமுறை வலக்கண் மட்டும் மங்கியது. வெல்டிங் வெளிச்சம் ஒரு கண்ணை மட்டும் எப்படித் தாக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு நான் மேதாவி இல்லை. கிழங்கை வைத்தேன். சில வாரங்களில் பார்வை திரும்பியது. கம்பெனி முழுக்கக் கிழங்கின் புகழ் பாடினேன்.

அடுத்த வருடம் கால் மரத்து, நடை தள்ளாடியது. எங்கள் ஊர் மூக்கண்டப்பள்ளியில் வாய்க்குப் பஞ்சமா? "பட்டப்பகல்லயே ஏத்திக்கினு வரான்" என்றார்கள். நான் குடியை விட்டது கல்யாணத்துக்கு முன்பே. ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும், சட்டையை வாங்குகிற சாக்கில் மனைவி கிட்டே வந்து மோந்து பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சத்தியம் செய்தால், "நான் ஒண்ணும் கேக்கலியே" என்பாள்.

ஓசூரில் ஸ்கேன் எடுத்தோம். மூளையில் வெள்ளைப் புள்ளிகள். "பிரஷர்லயும் வரலாம், தலைவலிக்காரங்களுக்கும் வரலாம், குடிச்சாலும் வரலாம்" என்றார் டாக்டர். முதல் இரண்டும் அவள் காதில் விழவே இல்லை.

பெங்களூரில் நரம்பு டாக்டரம்மா வேறு விதமான ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எங்கள் இருவரையும் திரை முன் உட்காரவைத்து ஒரு புள்ளியைப் பெரிதாக்கினார். அதன் நடுவே மயிரிழையாய் ஒரு கருங்கோடு. இரத்தக்குழாயாம். பிரஷரிலோ தலைவலியிலோ வருகிற புள்ளிகளில் பெரும்பாலும் இப்படி நடுவே இருக்காதாம். அடுத்த புள்ளியிலும் கோடு, அதற்கடுத்ததிலும் கோடு. மண்டையைத் திறக்காமல் இதைப் பார்த்துவிட்டார்களே! எனக்கு மெய்சிலிர்த்தது. இரும்பில் விரிசல் தேடிப் பற்றவைத்துப் பிழைக்கிறவன், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"முன்னாடி எப்பவாவது கண்ணு மங்குச்சா?" என்றார். கிழங்குக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதாங்க. அது தானாவே சரியாகியிருக்கு. கண்ணு, காலு, இந்தக் கோடு, எல்லாம் சேத்துப் பாத்தா இது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்."

கேபிளுக்கு இருப்பதுபோல நரம்புக்கும் மேலுறை உண்டாம். அதை உடம்பே அரிக்கிறதாம். நோய் அடியோடு போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். என் மனைவி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அப்போ குடிச்சதால இல்லீங்களா?"

"இல்லம்மா. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஊர் திரும்பிப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தள்ளாடினேன். டீக்கடையில் தலைகள் திரும்பின. வழக்கமாக என்னை விட்டு முன்னால் போய்விடுகிறவள், என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டும்" என்றாள். பிறகு கடைப்பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்ல."