இறங்கிவிடும் ஜாக்கி

விக்கிரவாண்டியைத் தாண்டியதும் என் கார் டயர் பஞ்சரானது. சாலையோர பஞ்சர் கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், ஒட்டிய கன்னம், சிரிக்காத முகம். சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கியைக் காரின் அடியில் தள்ளி வண்டியைத் தூக்கினார். உடனே ஒரு கனமான கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டயரைத் தொட்டார்.

கொஞ்ச நேரத்தில் கார் மெல்ல இறங்கிக் கட்டையின் மேல் உட்கார்ந்தது. ஜாக்கியிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது.

"ஆயில் சீல் மாத்தலாமே?" என்றேன்.

"மாத்தியாச்சுங்க. உள்ள சிலிண்டரே தேஞ்சு போச்சு. ரிப்பேர் பண்ணா நாலு நாள் நிக்கும், அப்புறம் மறுபடி எறங்கிடும்."

"திண்டிவனத்துல பழசை எடுத்துக்கிட்டு புதுசு தர்றாங்களாமே?"

"குடுக்க மாட்டேங்க. பெயின்ட் அடிச்சு இன்னொருத்தன் தலையில கட்டிடுவாங்க. அவனுக்கு இது எறங்கும்னு தெரியாதே."

டயரை மாட்டி நட்டுகளை இறுக்கிய பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "என் தம்பி புதுசு வாங்கலாம்னு சொல்லிக்கினே இருந்தான். நான்தான் ரிப்பேர் பண்ணா போதும்னேன். இந்த ஜாக்கியை நம்பி ஒரு வேனுக்கு அடியில படுத்தான். எறங்கிடுச்சு. அவ்ளோதாங்க."



இரண்டு மாதம் கழித்து, காற்றடிக்க அங்கே நிறுத்தினேன். கடையில் புது ஜாக்கி இருந்தது. பழையதைச் சம்மட்டியால் அடித்து உடைத்துப் போட்டிருந்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றேன்.

"தம்பி சொன்ன அன்னிக்கே பண்ணியிருக்கணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியிடம் போனார்.