ஜீரோ ஒண்ணுதான்... யார் சொன்னது?

போன மாதம் ஒரு சாயங்காலம். சிதம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த என் மனைவி, பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறிக் கிடந்தது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஃபெயிலு மாமா" என்றாள்.

எனக்கு நம்பவே முடியவில்லை. மஞ்சக்குப்பம் பக்கத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு ஸ்டெல்லா டீச்சரைத் தெரிந்திருக்கும். தனியார் பள்ளியில் ப்ளஸ் டூ கணக்கு எடுத்தவள். பல வருஷ வேலையை விட்டுவிட்டு, இந்த வருஷம்தான் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் அவளிடம் படித்த பிள்ளைகள் வயசு. அவள் ஃபெயிலா? அதுவும் கணக்கிலா?

அது முதல் டெஸ்ட். பாடம், லீனியர் அல்ஜீப்ரா. மேட்ரிக்ஸைப் பெருக்குவது, டிடர்மினன்ட் கண்டுபிடிப்பது எல்லாம் அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆனால் இங்கே எண்களே கிடையாதாம். எல்லாமே நிரூபணம்.

ஒரு கேள்வி: எதனோடு கூட்டினாலும் அதை மாற்றாமல் விடுவதுதான் ஜீரோ, அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று நிரூபி. இவள் எழுதிய பதில்: 'இது எல்லோருக்கும் தெரிந்ததே.'

பக்கத்தில் சிவப்பு மையில் பேராசிரியை கேட்டிருந்தார்: 'எல்லோரும் என்றால் யார்?'

மறுநாள் காலை பழைய பள்ளியிலிருந்து போன். இவள் இடத்துக்கு வந்தவர் நின்றுவிட்டாராம், திரும்ப வர முடியுமா என்று கேட்டார்கள். யோசிக்கவே இல்லை... வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். டி.சி. வாங்கிவரச் சிதம்பரம் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. அந்த முகத்தை இன்னொரு நாள் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பேராசிரியை இவளைவிடச் சின்னவர். டி.சி. என்றதும் சமாதானமெல்லாம் சொல்லவில்லையாம். சாக்பீஸைக் கையில் கொடுத்து, "ரெண்டு ஜீரோ இருக்குன்னே வச்சுக்குங்க மேடம். ரெண்டையும் கூட்டுங்க" என்றாராம்.

கூட்டினாள். முதலாவது ஜீரோ – அது எதையும் மாற்றாது. அதனால் விடை இரண்டாவது. ஆனால் இரண்டாவதும் ஜீரோதானே? அதுவும் எதையும் மாற்றாது. அதனால் விடை முதலாவது. ஒரே கூட்டலுக்கு விடை ஒன்றுதான். அப்படியென்றால் முதலாவதும் இரண்டாவதும்... ஒன்றேதான்!

சாயங்காலம் டி.சி. இல்லாமல் வந்தாள். முந்தின நாளைவிட அதிர்ச்சி ஜாஸ்தி.

"ஒரே வரி மாமா. இத்தன வருஷம் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். ஜீரோ ஏன் ஒண்ணுதான்னு ஒரு தடவகூட நான் கேட்டதே இல்ல."

அப்புறம் பள்ளிக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள். அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தானே?

நானும் யோசித்துப் பார்த்தேன். யார் நல்லவர், எது நமக்கு ஒத்துவராது, எந்த வயதோடு படிப்பு முடிகிறது – எத்தனை விஷயங்களைத் 'தெரிந்ததுதானே' என்று தாண்டி வந்திருக்கிறோம்? எதையாவது ஒரு தடவை உரசிப் பார்த்திருக்கிறோமா?

நேற்று இரண்டாவது டெஸ்ட்டின் ரிசல்ட். அதிலும் ஃபெயில். எங்கே தப்பு என்று சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எனக்கு விளக்கினாள். ஒன்றும் புரியவில்லை. இன்று காலை வழக்கத்தைவிட முன்னாலேயே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஃபெயிலான ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.