குழலுக்குள் போன கதை

பட்டாசு கம்பெனி கேட்டை விட்டு வெம்பக்கோட்டைச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். அக்கா முன்னால், நான் பத்தடி பின்னால். அடி விழும் என்றுதான் அந்த இடைவெளி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பதிமூன்று வயது. தீபாவளி சீசனில் வீட்டிலிருந்தே வெடிக்குக் குழல் சுற்றிக் கொடுப்போம். கம்பெனி தந்த பழைய தாள் தீர்ந்துபோக, டிரங்குப் பெட்டியில் கிடந்த நோட்டைக் கிழித்துச் சுற்றிவிட்டேன். அது அக்கா எழுதிய கதை. ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுத்தான் பசை தடவினேன். ஒரே சைக்கிளில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கல்யாணம் முடிவாகிறது. மற்றவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோழிகள் கதை என்று நினைத்தேன். கடைசித் தாள்களை மட்டும் அவசரத்தில் படிக்காமலே சுற்றினேன்.

அக்காவின் சிநேகிதிக்கு மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் திருப்பூர். அவள் போவதற்குள் கொடுக்கத்தான் அக்கா மூன்று மாதமாக எழுதியிருந்தாள்.

சுற்றிக் கொடுத்த குழல்களைத் திரும்பக் கேட்கத்தான் கம்பெனிக்குப் போயிருந்தோம். கேட்டில் போர்மேன் சிரித்தார்.

"அம்புட்டுக் குழலுக்கும் வெடிமருந்து செலுத்தியாச்சு தாயி. என்ன, பாட நோட்டா?"

"கதைண்ணே" என்றேன் நான், அக்காவை முந்திக்கொண்டு.

"மாப்பிள்ளை யாரு, ராசாவா?"

"மாப்பிள்ளையே கெடையாது. ரெண்டு பொண்ணுக கதை."

"மாப்பிள்ளை இல்லாம என்ன கதை? அதை யாரு படிப்பா?"

"நான் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

பாதி வழியில் நின்றாள்.

"கடைசி வரைக்கும் படிச்சியாடி?"

"இல்லக்கா. அவுக ரெண்டு பேரும் என்ன ஆனாக?"

என் நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்தாள்.

"இன்னொருக்க எழுதேன்க்கா."

"யாருக்கு?" என்றாள்.

பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. நூலகம் கண்ட இடத்திலெல்லாம் அப்படி ஒரு கதை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு கிடைத்தன, மூலை அலமாரியில், அதிகம் பேர் புரட்டாத தாள்களோடு. எதிலும் பசை வாசனை அடிக்கவில்லை.

கம்பெனியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மறுநாள் காலை அக்கா கல்யாண வீட்டுக்கு இலை போடப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், பழைய தாள் கிடங்கில் நோட்டுப் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இதுபோல் இன்னொரு நோட்டு ஏதாவது தாள் கட்டுக்குள் வரும், எடுத்து அக்காவிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். எல்லா வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.