கூடையின் பெயரே ஆளின் பெயர்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் மூடி போட்ட பிரம்புக் கூடையைப் ‘பெட்’ என்போம். அதைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்பவர் பெட்லர். கூடையின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டதால் எங்கள் பெட்லர் எஸ்ரா திர்ட்டிலின் சொந்தப் பெயருக்கு எங்கள் ஊரில் வேலையே இல்லாமல் போயிற்று.

தெருவில் விற்க உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊரில் வீடுள்ள ஒருவர் காவலர் முன் வந்து, ‘இவரைத் தெரியும்’ என்று பெயர் சொல்லிச் சாட்சி கூற வேண்டும். எஸ்ரா, பத்தொன்பது வருடங்களாகத் தம்மிடம் ஊசியும் நாடாவும் வாங்கிவந்த மிசஸ் கெரிசனைக் கூப்பிட்டார்.

“உங்களத் தெரியாத நாய்கூட இந்த ஊர்ல கிடையாது, வாங்க!” என்று அவள் உடனே கிளம்பினாள்.

காவலர் பேனாவை எடுத்தார். “இவர் பேர் என்னம்மா?”

“பெட்லர்தான்!”

“அது தொழில். பேரச் சொல்லுங்க.”

அவள் சிரிப்பு நின்றது. எஸ்ரா தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

“வெளிய போய்ப் பேசிட்டு வாங்க” என்றார் காவலர்.

வாசலில் அவள் சீறினாள். “இவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்தீங்களே, பேரச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“உங்களுக்குத் தெரியுமான்னு பாக்கணும்னு தோணிச்சும்மா.”

அவள் தலைகுனிந்தாள். “சரி, இப்ப சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெயரை உரக்கச் சொல்லி எத்தனை காலமாயிற்றோ, முதல் தடவை குரலே எழும்பவில்லை.