தொண்ணூற்றைந்து லிட்டர்

தையல்நாயகிக்கு வயது நாற்பத்து மூன்று. பிறந்தது ஒலக்கூர் பக்கம். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் பதினாறு ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்துகிறாள். மயிலம் மலைக்கோயிலில் முகூர்த்த நாளில் பல கல்யாணம் நடக்கும். மணப்பெண் உடை மாற்ற ஓர் அறை கிடைக்காது. அதனால்தான் 2024 ஏப்ரலில், முன்பு படப்பிடிப்புக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய கேரவன் வண்டி ஒன்றை வாங்கினாள். கணவர் பூவரசன் ஓட்டுவார். கழிவறையை எடுத்துவிட்டார்கள். குளியலறையும் கைகழுவும் தொட்டியும் மட்டும் உண்டு. நல்ல தண்ணீருக்கு மேலே ஒரு தொட்டி, கழிவுத் தண்ணீருக்குக் கீழே ஒரு தொட்டி.

ஜூலையில் முதல் கல்யாணம். மலையடிவாரத்தில் வண்டி நின்றது. குளித்த தண்ணீர் கீழ்த்தொட்டிக்குப் போகாமல், குளியலறைத் துளை வழியே மேலே வந்துவிட்டது. மணப்பெண்ணின் பட்டுப்புடவை ஒரு சாண் உயரத்துக்கு நனைந்தது.

அந்தப் பெண்ணின் அத்தை அஞ்சம்மாள். செப்டம்பர் 15ஆம் தேதி தன் மகள் கலைப்பிரியாவின் கல்யாணத்துக்கு வேறு வழியில்லாமல் அதே வண்டியைத்தான் கேட்டார்.

"இந்தத் தடவையும் பொடவை நனைஞ்சுதுன்னு வெச்சுக்கோ, வண்டியைக் காயலான் கடையில போட்டுட்டுப் போய்க்கினே இரு" என்றார்.

"மேல இருநூறு லிட்டர்னு வித்தவன் சொன்னான். அப்போ கீழயும் இருநூறு பிடிக்கும்" என்று பூவரசன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிருந்தா ஏங்க மேல வருது?" என்றாள் நாயகி.

செப்டம்பர் 3, செவ்வாய் காலை, வாசலில் வண்டியை நிறுத்தி இருவரும் அளந்தார்கள். எண்ணிக்கை குறித்தவன் நான். காலியாக இருந்த மேல்தொட்டியில் இருபது லிட்டர் கேன் சரியாகப் பத்துப் பிடித்தது. பிறகு குளியலறைத் துளையில் ஊற்றினார்கள். ஆறு கேன் போயிற்று. அதற்குமேல் லிட்டர் படியால் ஊற்றினாள். பன்னிரண்டாவது படியில் தண்ணீர் துளையின் விளிம்புக்கு வந்தது. ஆக, மேலே வராமல் பிடித்தது 131 லிட்டர்.

"அப்போ மேல நூத்திருபது ரொப்பினா போதும்" என்றார் பூவரசன். அவருக்கு அதோடு வேலை முடிந்தது.

நாயகிக்கு முடியவில்லை. "நம்ம தெரு சமமா இருக்குது. அங்க சரிவுங்க."

9ஆம் தேதி திங்கட்கிழமை, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து மயிலத்துக்குப் போய், கல்யாணத்தன்று நிற்கப்போகும் அதே இடத்தில் நிறுத்தினார்கள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து நின்றது. குளியலறை பின்பக்கம்தான். அங்கே 105ஆவது படியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. தெருவில் பிடித்ததைவிட 27 லிட்டர் குறைவு. நாயகி மேல்தொட்டிக்கு 95 என்று முடிவு செய்தாள்.

15ஆம் தேதி காலை 5.50. மணப்பெண் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சம்மாள் முகத்தில் சோப்புப் போட்ட நேரத்தில் குழாய் நின்றது.

"அடியே நாயகி! தண்ணி நின்னுபோச்சு! கண்ணு எரியுது! இன்னா வண்டி வெச்சிருக்க நீ!"

"நிக்கத்தான் வெச்சிருக்கேங்க்கா. இந்தாங்க, தலைய வெளிய நீட்டுங்க." வாசலில் தயாராக இருந்த கேனிலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றினாள். "மேல தீர்ந்தா ரொப்பிக்கலாம். கீழ ரொம்பினாதான் பேஜாரு."

பூவரசன் கீழ்த்தொட்டியின் குழாயைப் பக்கத்துச் சத்திரத்தின் கழிவுக்குழியில் விட்டுக் காலி செய்தார். முன்பே கேட்டு வைத்திருந்த இடம். மறுபடி 95 லிட்டர் ரொப்பி முடித்தபோது 6.25.

முகத்தைத் துடைத்துக்கொண்ட அஞ்சம்மாள் முதலில் குனிந்து மகளின் புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குளியலறை வாசலைக் காலால் தடவினார். காய்ந்திருந்தது.

"தை மாசம் எங்க அண்ணன் சின்னப் பொண்ணுக்கு விழுப்புரத்துல கல்யாணம். இதே வண்டி வந்துடணும்."

"வர்றேங்க்கா. மண்டபத்துல எங்க நிறுத்தறதுன்னு மட்டும் ஒரு வாரம் முன்னாடி காட்டிடுங்க."

"எதுக்குடி?"

"அளக்கணும்."