இரும்பு மாத்திரையும் சாயத்தண்ணியும்

1. ஏறாத ஹீமோகுளோபின்

செல்விக்கு அப்போது ஆறாவது மாதம். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நாலு. இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் அரைப் புள்ளிகூட ஏறவில்லை.

கீழ் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். வாரம் இரண்டு நாள் குன்னூரிலிருந்து வரும் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு யோசித்தார். பிரசவத்தில் சாதாரணமாகப் போகிற ரத்தத்தைக்கூட இந்த உடம்பு தாங்காது, மூன்று வாரம் பார்ப்போம், ஏறாவிட்டால் ஊட்டிக்கு அனுப்பி இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றிவிடலாம் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மாத்திரை போட்டால் வயிறு பிரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்று பல பெண்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். செல்வியும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கியூவில் இருந்த எல்லோர் முன்னாலும் திட்டினேன். வயிற்றில் இருக்கிற பிள்ளைமேல் அக்கறை இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. "ஒரு நாளும் விட்டதில்லீங்க சிஸ்டர். நம்பலைன்னா காலைல ஊட்டுக்கு வந்து பாருங்க" என்றாள்.

2. கறுத்துப்போன டம்ளர்

மறுநாள் காலை ஆறரைக்கு, தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீடுகளில் அவள் வீட்டுக்குப் போனேன். செல்வி இட்லி சாப்பிட்டு முடித்திருந்தாள். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் முருகன், பால் சேர்க்காத கெட்டி டீயை டம்ளரில் ஊற்றி நீட்டினான். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்; அவர்களுக்கு அது சாயத்தண்ணி. மாசமாக இருக்கிறவளுக்குத் தெம்பு வரட்டும் என்று ஒரு கரண்டி தூள் கூடுதலாகப் போடுவானாம். அவள் மாத்திரையை வாயில் போட்டு, அந்த டீயைக் குடித்து விழுங்கினாள்.

சாப்பிட்டதும் போடு, வயிறு பிரட்டாது என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். சாப்பிட்டதும் அந்த வீட்டில் டீ குடிப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

செல்வி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "போன வாரம் மாத்திரை கைதவறி டம்ளர்ல விழுந்துருச்சுங்க. எடுக்கறதுக்குள்ள கரைஞ்சு, சாயம் மொத்தமும் பேனா மை மாதிரி கறுத்துப்போச்சு. வயித்துக்குள்ளயும் அப்படித்தான் ஆகுமாங்க?"

தேயிலைக்குத் துவர்ப்பைக் கொடுக்கிற டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், சிறுகுடலின் முதல் பகுதியில் ரத்தத்துக்குள் போகவேண்டிய இரும்பு போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும் என்று நர்ஸிங் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். தேயிலைக்கு நடுவே இத்தனை வருஷம் வேலை பார்த்தும் ஒரு பேஷன்ட்டிடம்கூட அதைச் சொன்னதில்லை. படிக்காத செல்வி ஒரு டம்ளரைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆகும் செல்வி. தப்பு என்மேலதான்" என்றேன். முருகன் கையில் இருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டான். நல்லது என்று நினைத்துச் செய்ததுதானே என்று அவனைத் தேற்றினேன். அடுத்த ஓ.பி. நாளில், செல்வி சொன்னது நிஜம், நான்தான் விசாரிக்காமல் திட்டிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

3. மூன்று வாரம்

நடந்ததைக் கேட்டதும் டாக்டரம்மா நேரத்தை மாற்றினார். மாத்திரை காலை பத்தரைக்கு, எலுமிச்சைத் தண்ணியோடு. எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்து, குடல் உறிஞ்ச உதவும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ கிடையாது. அவள் கூடவே சாப்பிட்டுவந்த கால்சியம் மாத்திரையும் இரும்போடு மோதும் என்பதால் அது சாயங்காலத்துக்குப் போனது.

சொல்வது சுலபம். பத்து மணிக்குத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிற எல்லோரும் டீ குடிக்கும்போது அவள் மட்டும் சும்மா உட்கார வேண்டும். டீ இல்லாமல் முதல் வாரம் தலைவலி. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி அவளை நிழலில் உட்காரவைத்து, அவள் பறிக்கவேண்டிய செடி வரிசையை, அவள் நிரையை, தானே பறித்துக் கொடுத்தார். பக்கத்து நிரைப் பெண்கள் நாலு பேர் அவளுக்குத் துணையாகத் தங்கள் டீயையும் தள்ளிப்போட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது வாரம் ரத்தம் எடுத்தேன். எட்டு புள்ளி ஏழு. டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டு, இதே வழியில் போகட்டும், ஊட்டி வேண்டாம் என்றார். பிரசவத்துக்கு முன்னால் பத்தைத் தாண்டியிருந்தது. குன்னூரில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போனது. செல்வி தாங்கினாள். நான் பார்க்கப் போனபோது, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "இனி சாயத்தண்ணி குடிக்கலாமுங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

என் வேலையை எனக்கு எத்தனையோ பேர் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் செல்விக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. அவளுக்குப் பிறகு, மாத்திரை சாப்பிட்டாயா என்று யாரையும் நான் கேட்டதில்லை. எதோடு சாப்பிட்டாய் என்றுதான் கேட்டேன்.